வெண்களரில் ஓடியவள்

மலைகளுக்கு மனிதர்கள் ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மேட்டுக்கோட்டை என்று ஒரு நகரம் இருந்தது. அதைக் குணவீரன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்ல மன்னன்தான். அவனுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. பொறுமை கிடையாது.

கோட்டைக்குப் பின்னால் ஒரு பேரேரி இருந்தது. அதன் தண்ணீர் மதகு வழியாக ஆற்றில் இறங்கி, மலையைச் சுற்றி வளைந்து போய், கீழே பள்ளத்துறை என்ற ஊரைத் தொடும். மழைக்காலத்தில் ஏரி நிறைந்தால் மதகைத் திறந்தே ஆகவேண்டும். திறந்தால் பள்ளத்துறைக்குள் வெள்ளம் புகும்; ஊரையொட்டிய கரிமேடு என்ற குன்று மட்டும் மூழ்காது. ஆகவே, திறப்பதற்கு முன்பு ஓர் ஆள் போய்ச் சொல்லியாக வேண்டும்.

ஆற்றோரமாகப் போனால் மூன்று நாள் வழி. நேராகப் போனால் மூன்று காதம். ஆனால் அந்த நேர்வழி வெண்களரின் ஊடாகப் போகிறது.

வெண்களர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். மரம் இல்லை, புல் இல்லை, கல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும் தரை. மேலே அப்பளம்போல ஒரு மெல்லிய ஓடு, அடியில் சேறு. குதிரை கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். வண்டி வந்தால் அச்சுவரை இறங்கும். மனிதக் காலை மட்டும்தான் அது தாங்கும். இருட்டினால் திசை தெரியாது. அதனால் விடியலில் புறப்பட்டு, விளக்கு வைப்பதற்குள் அக்கரை சேர வேண்டும். ஓலையும் எடுத்துப் போக முடியாது. பள்ளத்துறையில் ஓலை படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. செய்தியை வாயில்தான் சுமந்து போக வேண்டும்.

அப்படிச் சுமந்து போனவர்கள் மூன்று பேர்.

முதலாமவனை வெண்களரின் நடுவில் உட்கார்ந்த நிலையில் கண்டார்கள். உயிர் இல்லை. ஏதோ சொல்லத் தொடங்கியவன்போல வாய் மட்டும் திறந்திருந்தது.

இரண்டாமவன் அக்கரை சேர்ந்தான். ஊர் கூடி நிற்க, நடுவில் நின்று வாயைத் திறந்தான். ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அதன்பிறகு ஒருநாளும் வரவில்லை.

மூன்றாமவன் விருமன். நாட்டிலேயே வேகமானவன். மானைத் துரத்தித் தொட்டவன் என்று சொல்வார்கள். அவன் போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. தேடிப்போனவர்கள் காலடித் தடங்களை மட்டும் பார்த்தார்கள். ஒரு காதம்வரை ஒரு சோடித் தடம். அதற்குப் பிறகு இரண்டு சோடி. கூட வந்த தடம் முதலில் குழந்தையின் கால்போலச் சிறிதாக இருந்தது. போகப்போகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டும் ஒரே அளவு. பிறகு ஒன்று நின்றுவிட்டது. மற்றது மட்டும் ஓடிப்போயிருந்தது. நின்றது எது, ஓடியது எது என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

ஏரி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அந்த வருடம் பள்ளத்துறையில் பதினேழு பேர் வெள்ளத்தோடு போனார்கள்.

வெண்களரில் மூச்சுண்ணி இருக்கிறது என்று சனங்கள் சொன்னார்கள். ஓடுகிறவனின் மூச்சைத் தின்று வளர்கிறது என்றார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

மறு வருடம் கோடையில் மன்னன் முரசறைந்து ஆள் கேட்டான். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் அரியநாச்சி. ஆடு மேய்க்கிறவள். விருமனின் தங்கை.

மன்னன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீ ஓடியிருக்கிறாயா?"

"ஆடு தொலைந்தால் ஓடியிருக்கிறேன், அரசே."

"பிறகு எதற்கு வந்தாய்?"

"எங்கள் அக்காவைப் பள்ளத்துறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. போன வெள்ளத்தில் அவள் வீட்டில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இந்த மழைக்கும் யாராவது போய்ச் சொல்ல வேண்டாமா?"

மழைக்கு இன்னும் மூன்று பௌர்ணமி இருந்தது. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் ஒரு சிறு செய்தியோடு ஓடிப் பழகட்டும் என்று மன்னன் உத்தரவிட்டான்.

முதல் பௌர்ணமி வந்தது. "வெள்ளிக்கிழமை கோயிலில் கொடியேற்றம்" என்பதுதான் செய்தி. கோட்டை வாசலில் கூட்டம் கூடி ஆரவாரம் செய்தது. மன்னன் மேலே நின்று, "பறந்து போ" என்றான். அரியநாச்சி பறந்துதான் போனாள். கூட்டத்தின் சத்தம் காதில் இருக்கும்வரை கால்கள் தரையில் படவே இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

சத்தம் அடங்கியது. வெண்களரில் அவள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. விலாவில் பிடித்துக்கொண்டது. தொண்டை காய்ந்தது. வாயைத் திறந்து மூச்சை வாரி வாரி இழுத்தாள்.

உச்சிப்பொழுதில் அவளுக்குப் பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டது.

சின்னக் கால்கள். அவள் ஓட, அதுவும் ஓடியது. அவள் வேகம் கூட்ட, அதுவும் கூட்டியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்தாள். அவளுடைய நிழல் உச்சி வெயிலில் காலடியில் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில், சாயங்கால நிழல்போல நீண்ட இன்னொரு நிழல், அவளை முந்திக்கொண்டு முன்னால் விழுந்திருந்தது.

இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஓடினாள். நூறடி ஓடியிருப்பாள். கால்கள் மடங்கின. முகம் குப்புற விழுந்தாள்.

அது வந்து அவள் தலைமாட்டில் குந்தியது. முறத்திலிருந்து கல் பொறுக்குவதுபோல, மெதுவாக, அவள் வாயிலிருந்து எதையோ பொறுக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றாக எடுத்தது. எடுக்க எடுக்க அவள் நெஞ்சு காலியாகிக்கொண்டு வந்தது. கத்தவும் மூச்சு இல்லை. வாயை மூடிக்கொண்டாள். மூக்கு வழியாக, பஞ்சைக்கூட அசைக்காத அளவுக்கு, சிறுகச் சிறுக மூச்சு விட்டாள். பொறுக்க ஒன்றும் சிந்தவில்லை. அது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு எழுந்து போய்விட்டது.

அரியநாச்சி ஊர்ந்தும் நடந்தும் பொழுது சாயக் கோட்டைக்குத் திரும்பினாள். வாசலில் கூட்டம் இல்லை. அவளுடைய அண்ணி மருதாயி மட்டும் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். விருமன் போனபிறகு அவள் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. செம்பை நீட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் பௌர்ணமி வந்தது. இந்த முறை விதைநெல்லைப் பற்றிய செய்தி. "விதைநெல் தயார். மூட்டை கட்டியாயிற்று. ஆள் அனுப்புங்கள்." அரியநாச்சி நிதானமாகத்தான் புறப்பட்டாள். வாயை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் ஓடினாள். ஒரு காதம் கடந்தாள். உச்சிப்பொழுது வந்தது. பின்னால் காலடிச் சத்தம் எதுவும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் முன்னால் ஓர் ஆள் ஓடுவதைப் பார்த்தாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம். அகன்ற முதுகு. இடது தோள் சற்று இறங்கிய ஓட்டம். அந்த முதுகில் உப்புமூட்டை ஏறி வளர்ந்தவள் அவள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"அண்ணா" என்று கூப்பிட்டாள். முதுகு திரும்பவில்லை. அவள் வேகம் கூட்டினாள். முதுகும் வேகம் கூட்டியது. இன்னும் இருபதடி, இன்னும் பத்தடி என்று மனம் கணக்குப் போட, கால்கள் தம் அளவை மறந்துவிட்டன. ஒவ்வொரு முறை மூச்சு வாங்கியபோதும் ஒவ்வொரு சொல் அவளை விட்டுப் போனது. "அனுப்புங்கள்" போயிற்று. "மூட்டை" போயிற்று. போன சொற்கள் பின்னால் எங்கேயோ அவளுடைய குரலிலேயே மெல்ல ஒலிப்பதைக் கேட்டாள். ஆனாலும் நிற்கவில்லை.

அக்கரையில் முதுகு கானலில் கரைந்துபோனது. அவள் பள்ளத்துறைக்குள் தள்ளாடி நுழைந்தாள். சனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

"என்ன செய்தி கொண்டுவந்தாய், நாச்சி?"

வாயைத் திறந்தாள். "விதை" என்று வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டன. வெள்ளச் செய்தியாக இருந்தால் நம் கதி என்ன என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அவளுக்குக் குரல் திரும்பியது.

ஆற்று வழியாக வீடு வந்து சேர்ந்ததும் மருதாயி முதல்முறையாகக் கேட்டாள். "அவரைப் பார்த்தாயா?"

"முதுகைத்தான் பார்த்தேன், அண்ணி. கூப்பிட்டேன். திரும்பவே இல்லை."

மருதாயி தலையை அசைத்தாள். "நானும் அவரும் எங்கே நடந்தாலும், நான் நாலடி பின்தங்கினால் நின்றுவிடுவார். கூப்பிட வேண்டியதே இல்லை. உன்னைத் தவிக்கவிட்டுவிட்டு முன்னால் ஓடுகிறவர் இல்லை அவர்."

மறுநாள் காலை அரியநாச்சி கோட்டை அகழிக் கரையில் ஓடத் தொடங்கினாள். இரண்டு முறை தோற்றதில் அவள் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தாள். மூச்சு சிந்தும்போதுதான் சொல் சிந்துகிறது. அப்படியானால் சொல் சிந்தாத வேகம் எதுவோ, அதுதான் தன்னுடைய வேகம். ஆகவே செய்தி ஒன்றை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மருதாயி கரைமேட்டில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டாள். "இப்போது சொன்னதில் கடைசிச் சொல் பாதியில் அறுந்துவிட்டது. குறை" என்பாள். அரியநாச்சி வேகத்தைக் குறைப்பாள். "இன்னும் அறுகிறது. நட" என்பாள். நடப்பாள். சொல் சீரானதும் மறுபடி ஓடுவாள்.

முதல் நாள் மூன்று முறை சொல்வதற்குள் மூச்சு முட்டியது. பத்து நாளில் முப்பது முறை சொன்னாள். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒன்பது முறை ஓடிக்கொண்டே சொல்வது, மூன்று முறை நடந்துகொண்டே சொல்வது என்று ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது. துணி துவைக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அகழியைச் சுற்றி ஒரு பைத்தியம் புலம்பிக்கொண்டு திரிகிறது என்று ஊர் பேசியது. ஓடு என்றால் நடக்கிறாளாம் என்று அரண்மனைவரை போயிற்று.

மூன்றாம் பௌர்ணமி வரும்முன்பே மலையில் மழை பிடித்துக்கொண்டது.

இரண்டே நாளில் ஏரி விளிம்பைத் தொட்டது. கரையில் ஓரிடத்தில் நீர் கசிந்தது. விடியும் முன் மன்னன் அரியநாச்சியைக் கோட்டை வாசலுக்கு அழைத்தான்.

"செய்தி இது. ஏரி நிறைந்துவிட்டது. நாளை விடியலில் மதகு திறக்கும். எல்லோரும் கரிமேட்டில் ஏறுங்கள். சொல், பார்ப்போம்."

அவள் சொன்னாள்.

"இனி ஒரு கணம் தாமதிக்காதே. எவ்வளவு வேகம் உண்டோ அவ்வளவு வேகத்தையும் எடு."

"அது மட்டும் முடியாது, அரசே. மெதுவாகத்தான் போவேன்."

மன்னனின் கை வாளுக்குப் போனது. "ஓர் ஊரே மூழ்கப்போகிறது. நீ மெதுவாகப் போகப்போகிறாயா? உன் அண்ணன் அம்பு போலப் போனான்."

"போனார், அரசே. போய்ச் சேரவில்லை."

மன்னனின் கை வாளிலிருந்து இறங்கியது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெண்களரில் கால் வைத்தாள். கோட்டை மதிலிலிருந்து பார்த்தவர்களுக்கு, சந்தைக்குப் போகிறவள் கொஞ்சம் எட்டி நடக்கிறதுபோல இருந்தது.

மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. வெண்களரில் ஒரு துளி இல்லை. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. "ஏரி நிறைந்துவிட்டது. நாளை விடியலில் மதகு திறக்கும். எல்லோரும் கரிமேட்டில் ஏறுங்கள்." ஒன்பது முறை ஓடிக்கொண்டே சொன்னாள். மூன்று முறை நடந்துகொண்டே சொன்னாள். கால்கள் இன்னும் வேகமாகப் போகலாமே என்று கெஞ்சின. விடவில்லை.

உச்சிப்பொழுது வந்தது. சின்னக் கால்களின் சத்தம் பின்னால் எழுந்தது.

அவள் வேகம் கூட்டவில்லை. சத்தம் நெருங்கியது. குதிகாலுக்குப் பின்னால் வந்தது. பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. "நாளை விடியலில் மதகு திறக்கும்" என்றாள். "மூட்டை கட்டியாயிற்று" என்று அவளுடைய குரலிலேயே அது பின்னாலிருந்து சொன்னது. "ஆள் அனுப்புங்கள். அனுப்புங்கள்." அவள் தன் செய்தியையே சொல்லிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது.

பிறகு முன்னால் அந்த முதுகு தெரிந்தது. இடது தோள் இறங்கிய அதே ஓட்டம். அவள் கூப்பிடவில்லை. இந்த முறை அதுவே திரும்பியது.

விருமனின் முகம்தான். வெயிலில் கருத்து, உதடு வெடித்து, கண் கலங்கியிருந்தது. "நாச்சி" என்று கை நீட்டியது. "இன்னும் கொஞ்ச தூரம்தான். ஒரு எட்டு வேகமாக வந்தால் என்னைப் பிடித்துவிடலாம். ஒரு வருடமாக இங்கேயே கிடக்கிறேன். வந்து கூட்டிப் போ."

அழுகை நெஞ்சுவரை வந்தது. அழுதால் மூச்சு சிந்தும், மூச்சு சிந்தினால் சொல் சிந்தும், சொல் சிந்தினால் பள்ளத்துறை போய்விடும். அழுகையை விழுங்கினாள். அண்ணி சொன்னதை நினைத்துக்கொண்டாள். அண்ணனாக இருந்தால் நின்றிருப்பார். "எல்லோரும் கரிமேட்டில் ஏறுங்கள்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் அறுபடவில்லை.

அவள் துரத்தாததால் அந்த உருவத்தால் முன்னால் ஓட முடியவில்லை. வேறு வழியில்லாமல் வேகம் குறைத்தது. அவளுக்குப் பக்கத்தில் வந்தது. தோளோடு தோளாக ஓடியது. முகம் அண்ணனுடையது, ஆனால் திறந்த வாய்க்குள் நாக்கும் இல்லை, பல்லும் இல்லை. காலிப் பானைக்குள் பார்ப்பதுபோல இருட்டு மட்டும் இருந்தது. "வேகமாக" என்றது. "கொஞ்சம் வேகமாக" என்றது. பிறகு, "கொஞ்சமே கொஞ்சம்" என்று பசித்த குழந்தைபோல முனகியது.

மூன்று முறை சொல்லும் நேரம் வந்தது. அவள் ஓட்டத்தை விட்டு நடக்கத் தொடங்கினாள்.

அது அவளோடு நடக்கப் பார்த்தது. முடியவில்லை. அடிக்கு அடி சிறுத்தது. ஆள் உயரம் இடுப்பளவாயிற்று, இடுப்பளவு முழங்காலளவாயிற்று. ஒரு குழந்தையின் காலடிச் சத்தம் சற்று நேரம் தொடர்ந்து வந்து, பின்தங்கி, எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பள்ளத்துறைக்குள் நுழைந்தாள். ஊர் கூடியது. அக்கா பயத்தோடு அவள் முகத்தையே பார்த்தாள். அரியநாச்சி நின்றாள். ஒரு மூச்சு விட்டாள்.

"ஏரி நிறைந்துவிட்டது. நாளை விடியலில் மதகு திறக்கும். எல்லோரும் கரிமேட்டில் ஏறுங்கள்."

ஒரு சொல் குறையவில்லை. கடைசி வரிசையில் நின்ற காது மந்தமான கிழவருக்கும் கேட்டது.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டார்கள், மாடுகளை ஓட்டிக்கொண்டார்கள், நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு சுமந்தார்கள். மறுநாள் வெள்ளம் வந்தது. வீடுகளை எடுத்துக்கொண்டது. ஒரு மனிதரைக்கூட அதனால் எடுக்க முடியவில்லை.

நீர் வடிந்தபின் அரியநாச்சி கோட்டைக்கு வந்தாள். மன்னன் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, "அந்த மூச்சுண்ணியை எப்படியம்மா கொன்றாய்?" என்று கேட்டான்.

"கொல்லவில்லை, அரசே. அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. அவசரமாக யாராவது வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது."

அன்றைக்கு அரண்மனையில் யாரும் வேகமாக நடக்கவில்லை என்று சொல்வார்கள். மன்னனும்தான்.

அவளுக்குப் பிறகு வெண்களரில் ஓடியவர்கள் எல்லோரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓடினார்கள், நடக்க வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல் நடந்தார்கள், எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அரியநாச்சி மட்டும் வருடத்துக்கு ஒருமுறை உச்சிவெயிலில் வெண்களரின் ஓரம்வரை போய், உள்ளே காலடி வைக்காமல், அண்ணன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு வருவாள். பதில் வந்ததா என்று அவளிடம் கேட்டவர் யாரும் இல்லை.

ஆகவே, கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இதை மனதில் வையுங்கள்: நெடுந்தூரம் போக வேண்டியவர், பிறர் ஆரவாரத்துக்கும் தன் ஆசைக்கும் அச்சத்துக்கும் ஏற்ப ஓடாமல், தன் மூச்சின் அளவறிந்து ஓடினால்தான் போய்ச் சேருவார்.